வியாழக்கிழமை எண்ணெய் ஊசி

அந்த மருந்து எண்ணெயில் கரைத்தது. கோயம்புத்தூரில் என்றால் சிரிஞ்சில் தண்ணீர் மாதிரி ஏறும். எங்கள் மலையில் மார்கழி பிறந்துவிட்டால் தேன் மாதிரி இறுகிவிடும், இழுத்தால் வராது. அப்படியே போட்டால் இடுப்பில் கட்டி கட்டிக்கொண்டு அந்தப் பெண் ஒரு வாரம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. அதனால் ஆம்பியூலை, அந்தக் கண்ணாடிக் குப்பியை, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வேன். எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் என்ன சமைத்தாய், மாமியார் எப்படி இருக்கிறாள், வாய்வு தொந்தரவு உண்டா என்று ஊர்க்கதை பேசுவேன். கைச்சூட்டில் எண்ணெய் இளகும். அதற்குள் பாதிக் கதை வந்துவிடும். வியாழக்கிழமைதோறும் இதுதான் வேலை.

போன மாதம் ரம்யா போன் செய்தாள். குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண். கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்த்துடுக்கு.

“அக்கா, நீங்க வியாழக்கெழமையானா போடுவீங்களே எண்ணெய் ஊசி, அதை இனி வாங்கறதில்லைன்னு சொல்லிட்டாங்க.”

“ஏனாம்?”

“கொறை மாசத்தைத் தடுக்கறதுல பலன் தெரியலையாம். வெளிநாட்டுல முன்னயே நிறுத்திட்டாங்களாம்.”

“சரி.”

“என்னங்கக்கா சரிங்கறீங்க? அப்ப நீங்க இத்தனை வருசம் போட்டதெல்லாம்?”

கேலிக்குத்தான் கேட்டாள். ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பெண்களின் இடுப்பில் குத்தியிருக்கிறேன்; எல்லாம் வெறும் எண்ணெயா? அவளுக்குப் போனில் சொல்ல முடியாததை உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியது.

என் பெயர் மும்தாஜ். அத்தா ஊட்டி மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பெண் பிள்ளை நர்ஸுக்குப் படிப்பதா என்று சொந்தத்தில் நாலு பேர் முகத்தைத் திருப்பினார்கள். அத்தா அவர்களுக்கெல்லாம் ஒரே பதிலாக, நாளைக்கு உங்க பொண்டாட்டிக்குப் பிரசவம்னா யாரு பாக்கறது என்று கேட்டுவிட்டார். கோயம்புத்தூரில் படித்தேன், ஊட்டியில் கொஞ்ச நாள் தனியார் ஆஸ்பத்திரி, பிறகு இந்தத் தோட்டம். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விடுதிச் சாம்பாரையும் வெயிலையும் தாங்கிக்கொண்டேன் என்பதே பெரிய விஷயம். தொழில் கற்றது தோட்டத்தில்தான், டாக்டர் ராஜலட்சுமியிடம்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரு கம்பளி ஸ்வெட்டர். பிரசவ வார்டில் அவருக்கென்று ஒரு வெந்நீர்ப் பை உண்டு, துண்டு சுற்றி வைத்திருப்போம். ஒரு பெண்ணின் வயிற்றைத் தொடுமுன் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு அவசரமானாலும் நிற்பார். ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. டாக்டருக்குக் குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

“எனக்கில்லை மும்தாஜ், அவங்களுக்கு,” என்றார் ஒரு நாள். “ஐஸ் கையை வெச்சா வயிறு இறுகும். இறுகினதை நாமளே வலின்னு எழுதிக்குவோம். அப்பறம் அந்த வலிக்கு நாமளே மருந்து குடுப்போம்.”

கையைச் சூடாக்கியபின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு உட்காருவார். படுத்திருக்கிறவள் அவரைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. எல்லோரும் அவருக்கு அம்மிணிதான். நோயைக் கேட்கமாட்டார். “நேத்துக் காலையில எந்திரிச்சதுலிருந்து என்ன பண்ணினே, சொல்லு அம்மிணி,” என்பார். அவர்கள் அடுப்புப் பற்ற வைத்ததிலிருந்து தொடங்குவார்கள். அவர் குறுக்கிடமாட்டார். வெளியே கூட்டம் முணுமுணுக்கும், எனக்கு எரிச்சலாக வரும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கிசுகிசுப்பாகப் பேசினார் என்றால் வார்டே நடுங்கும்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. தெரியாததைத் தெரியவில்லை என்று பேஷண்ட் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

“டாக்டரே தெரியலைன்னா அவங்களுக்கு நம்பிக்கை போயிராதுங்களா?” என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

“தெரியும்னு சொல்லிட்டேன்னா எனக்கு யோசிக்கிற வேலை நின்னு போயிரும்,” என்றார்.

எண்ணெய் ஊசியை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். முந்தைய பிள்ளை குறைமாதத்தில் பிறந்த பெண்களுக்கு நாலாம் மாதத்திலிருந்து வாரம் ஒன்று. கர்ப்பத்தைத் தாங்குகிற ஹார்மோன், செயற்கையாகச் செய்தது. அது உள்ளே போய் என்ன செய்யும் என்று நான் கேட்டபோது தோட்டத்துக் கணக்கிலேயே சொன்னார். பிள்ளையின் உடம்பில் பாதி அப்பனுடையது. அதாவது தாயின் உடம்புக்கு அது வெளியாள். வெளியாளைக் கண்டால் விரட்டுவதுதான் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு வேலை. ஆனால் கர்ப்பகாலத்தில் இந்த ஹார்மோன் காவல்காரனிடம், இவன் நம்ம ஆள், சும்மா இரு என்று சொல்லி உட்கார வைக்கிறது. கர்ப்பப்பையையும் தூங்க வைக்கிறது.

“நம்ம வாட்ச்மேன் காட்டுமாட்டைக் கண்டா தகரம் தட்டறானில்ல? மாட்டை வெரட்டத்தான் தட்டறான். ஆனா லயத்து வீட்டுல தூங்கற கொழந்தையும்தானே முழிச்சுக்குது? உடம்புல எங்கயாவது கிருமி வந்துட்டா அதே கதைதான். காவல்காரன் தகரம் தட்டுவான். கர்ப்பப்பை முழிச்சுக்கும். ஏழாம் மாசமா எட்டாம் மாசமான்னு பாக்காது, வலி வந்துரும்.”

தகரம் தட்டத் தொடங்கிவிட்டால் நம்முடைய ஊசி சொல்வது யார் காதிலாவது விழுமா என்று கேட்டேன். “அது தெரியலை,” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தக் காலத்தில் வியாழக்கிழமை வருகிறவர்களில் ஒருத்தி செல்வராணி. கொழுந்து எடுக்கிறவள், அதிகம் பேசமாட்டாள். புருஷன் பேக்டரியில் வேலை. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் போயிற்று, இரண்டாவது ஏழாம் மாதத்தில். அது ஒரு பகல் முழுக்க உயிரோடு இருந்தது. மூன்றாவதாகக் கரு நின்றபோது, ஸ்கேனில் கர்ப்பப்பை வாய் நன்றாகத்தான் இருந்தது. ரத்தத்தில் குறை இல்லை. சும்மா இருந்த பிள்ளைகள் ஏன் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஊசியை நம்பினோம்.

அவளுக்காகப் பேசுகிறவள் நாத்தனார் பாக்கியம். புருஷனுக்கு மூத்தவள், அதே வீட்டில் இருந்தாள். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். என்னை மிஸி என்பாள், அங்கே நர்ஸுகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். முன்பு அவளும் கொழுந்து எடுத்தவள்தான். பிறகு பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்கு, அதாவது கொழுந்து எடுக்க, போகிறவர்கள் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பாக்கியத்துக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டது அவள்தான். ஆனால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டிலாவது பிரசவம் என்றால் அந்தப் பக்கம் போகமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, “எனக்கு ராசி இல்ல மிஸி. அவங்க வாய்விட்டுச் சொல்ல முந்தி நாமளே ஒதுங்கிக்கிறது நல்லம்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செல்வராணி மலையிலிருந்து நேரே வருவாள், தலையில் துணிக்கட்டோடு. பாக்கியம் காம்பராவில் சொல்லிவிட்டு ஓடி வருவாள். நான் ஆம்பியூலை மூடிக்கொண்டு கதை பேசுவேன், பாக்கியம் பதில் சொல்வாள். மாதத்துக்கொரு முறை சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. பாட்டிலை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பின்பக்கம் போவார்கள், கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுத்தமாக இருக்கும். சர்க்கரை இல்லை, உப்பு இல்லை, சீழ் இல்லை. இந்தத் தடவை நல்லாப் போகுது பாக்கியம் என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஏழாம் மாதம் நடக்கும்போது, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகல். செல்வராணியைத் தோட்டத்து டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலி. உடம்பு சுட்டது. முகம் வெளிறி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூடவே பாக்கியம், காம்பரா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல்.

டாக்டர் வெந்நீர்ப் பையை அழுத்திக்கொண்டு நின்றார். எனக்கானால் அதைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. பிறகு வயிற்றில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கர்ப்பப்பை இறுகுவதும் விடுவதும் எனக்குத் தள்ளி நின்றே தெரிந்தது. வாய் கொஞ்சம் திறக்கத் தொடங்கியிருந்தது. முதுகு வலிக்கிறதா என்று கேட்டார். “எப்பவும் வலிக்குதுதானே,” என்றாள் செல்வராணி. கொழுந்துக் கூடை சுமக்கிற முதுகு. அந்தக் கேள்விக்கு எங்கள் தோட்டத்தில் வேறு பதில் கிடைக்காது.

நான் கையில் டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தேன். சிறுநீர் வேண்டும் என்றார் டாக்டர். பெட்பேனை வைத்துவிட்டுப் பாட்டிலைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். திரை போட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் பாட்டிலைக் கொண்டுபோய் லேபில் கொடுத்தாள். லேபிலிருந்து உடனே சொல்லிவிட்டார்கள், சுத்தமாக இருக்கிறது என்று.

டாக்டர் என்னைக் கதவோரம் கூப்பிட்டார். குரல் இறங்கிவிட்டது.

“காய்ச்சல் இருக்கு. நெஞ்சு தெளிவா இருக்கு. யூரின் சுத்தம். அப்ப கிருமி வேற எங்க இருக்கும்? கர்ப்பப்பைக்குள்ளயே போயிருக்கணும்.”

“வலி நிக்கறதுக்கு மாத்திரை எடுக்கட்டுங்களா?”

“அதான் கூடாது. உள்ள கிருமி இருக்கறப்ப வலியை நிறுத்தி வெச்சா தாயும் போயிருவா. வர விட்டுற வேண்டியதுதான். ஊட்டிக்கு ஆம்புலன்ஸ் சொல்லு.”

“கொழந்தை தாங்குமுங்களா?”

“தெரியலை.”

அந்தத் தெரியலையை அன்று நான் வெறுத்தேன். ஏழாம் மாதத்துப் பிள்ளை, நுரையீரல் முற்றாத பிள்ளை, மழையில் ஊட்டிச் சாலையில். போன தடவை ஒரு பகல் இருந்தது, இந்தத் தடவை அதுவும் இருக்காது. நான் போனை எடுக்கத் திரும்பினேன். பாக்கியம் பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“டொக்டரம்மா,” என்றாள். “அது அவளோடது இல்ல.”

“எது?”

“அந்தப் போத்தல். அது என்னோடது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. டாக்டருக்கு விளங்கிவிட்டது.

“அவளுக்கு ஒண்ணுக்கு வரல்ல. எப்பவுமே வராது. மலையில இருந்து வந்த கையோட கேட்டா எங்க வரும்? வராட்டி நாளைக்கு வான்னு சொல்லுவீங்க, அரை நாள் பேரு போயிரும், கூலி வராது. அதுதான் நான் போய் குடுத்தேன். முந்தி குடுத்ததும் நான்தான். எல்லாமே நான்தான்.” ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சும்மா சர்க்கரை பாக்கத்தானே கேக்கிறாங்கன்னு நெனைச்சேன் டொக்டரம்மா. எனக்குத்தான் சர்க்கரை இல்லியே.”

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவளை அறைந்துவிடுவேன் போலிருந்தது. இல்லாதவளுக்கு இருக்கிறவள் கொடுப்பது லயத்து வழக்கம். அரிசி, விறகு, தேயிலைத் தூள், எல்லாம் கதவு தாண்டிப் போகும். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டாள். காம்பராவில் குழாய் உண்டு, கக்கூஸ் உண்டு. அவளுடையது சுத்தமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

டாக்டர் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி, “கத்தீட்டர்,” என்றார் கிசுகிசுப்பாக.

சிறுநீர்க் குழாய் போட்டோம். கொஞ்சம்தான் வந்தது. பால் விடாத டீ நிறத்தில், கலங்கலாக. லேபில் டாக்டரே குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் இடமே இல்லை, அத்தனை சீழணுக்கள். திரும்பி வந்து, சூடான கையைச் செல்வராணியின் வலது விலாவுக்குக் கீழே பின்பக்கம் வைத்து லேசாக அழுத்தினார். அவள் கத்தின கத்தலில் வெளியே நின்றிருந்த டிராக்டர் டிரைவர் எட்டிப் பார்த்தார். சிறுநீரகத்தில் கிருமி. கர்ப்பப்பையில் அல்ல. அப்படியானால் வலியை நிறுத்தலாம்.

பிறகு நடந்தது எல்லாம் வழக்கமான முறைப்படி. கிருமிக்கு மருந்து நரம்பில், கூடவே சலைன். கர்ப்பப்பை தளர மாத்திரை. ஒருவேளை பிள்ளை வந்தே தீரும் என்றால் அதன் நுரையீரல் முற்றுவதற்கு இன்னோர் ஊசி. அதுவும் ஹார்மோன் வகைதான், எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிற வகை. கிருமியோடு சண்டை நடக்கிற உடம்பில் அதைப் போடலாமா என்று டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று யோசித்தார். ஊட்டியில் பெரிய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நேத்துக் காலையில எந்திரிச்சதுலிருந்து சொல்லு அம்மிணி.”

செல்வராணி அன்றைக்குத்தான் பேசினாள். விடியுமுன் எழுந்து சமையல். ஒரு டம்ளர் டீ. மலைக்குப் போனபின் தண்ணீர் கிடையாது, சாயங்காலம் இறங்கும்வரை. மத்தியானச் சோற்றுக்குக்கூட விக்கினால்தான் ஒரு வாய்.

“தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருமே. எங்க போறது? மேல ஆளு, கீழ ஆளு, சூப்பரைசர் ரோட்டுல நிக்கிறாரு. காட்டு ஓரம் போனா அட்டை, காட்டுமாடு. அதனால குடிக்கிறது இல்ல. நாங்க யாருமே குடிக்கிறது இல்ல.”

நாங்கள் யாருமே. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வாரா வாரம் ஊசிக்கு வருகிறவர்களின் முகங்கள் எனக்குள் வரிசையாக வந்தன. இவர் ஒரு நாளின் கதை முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்கிற டாக்டர். அவரிடமே இவர்கள் அடுப்பு, மாமியார், கூடை, அட்டை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்வதற்கு இது ஒரு விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வெட்கம் வேறு.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. வலி விட்டுவிட்டு வந்தது, பிறகு விட்டேவிட்டது. கர்ப்பப்பை திரும்பத் தூங்கிப் போனது. செல்வராணி ரொட்டி கேட்டாள். டாக்டர் வராந்தாவில் வெயில் விழுகிற இடத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பாக்கியம் அவர் முன்னால் போய் நின்றாள்.

“டொக்டரம்மா, ஒண்டு கேக்கவா? எனக்கும் ரெண்டு போச்சு. ரெண்டும் ஏழாம் மாசம். அப்ப நானும் மலையிலதான். நானும் தண்ணி குடிக்கல்ல. அதுவும் இதுதானா?”

இல்லை என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் டாக்டரைக் கெஞ்சினேன். ஒரு பொய்தானே, யாருக்கு நஷ்டம்? டாக்டர் டம்ளரை வராந்தாக் கட்டைச் சுவரில் வைத்தார்.

“தெரியலை பாக்கியம். இதுவா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்ப யாரும் பாக்கலை.”

பாக்கியம் தலையை ஆட்டினாள். அழவில்லை. “ராசியில்ல, அதுதான் தங்கல்லன்னு சொன்னாங்க,” என்றாள். “அதுவும் இருக்கலாமா?”

“அது இல்லை,” என்றார் டாக்டர். “அது எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

அப்போதுதான் அழுதாள். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், யூனிபார்மோடு. டாக்டர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

அந்த வாரமே டாக்டர் மேனேஜரைப் பார்க்கப் போனார். கிசுகிசுப்பாகத்தான் பேசியிருப்பார். மலையில் கக்கூஸ் கட்டுவதாகச் சொன்னார்கள். பிறகு கொழுந்து நிறுக்கிற கொட்டகையருகே ஒன்று வந்தது. மேல்மலையிலிருந்து அதற்கு இறங்கி ஏறுவதற்குள் வந்தது மறந்துவிடும். பாக்கியம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காம்பரா வேலை வேண்டாம், மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்து செய்கிற வேலையை விட்டு ஏறி இறங்குகிற வேலைக்குப் போகிறாயே, பைத்தியமா என்று லயத்தில் கேட்டார்களாம்.

செல்வராணி மறுபடி மலைக்குப் போகவில்லை. வியாழக்கிழமை தவறாமல் வந்தாள், பாட்டிலை நானே கூடப் போய் வாங்கினேன். ஒன்பதாம் மாதம் தொடங்கியபின் ஊட்டியில் பெண் குழந்தை. கொஞ்சம் எடை குறைவு, குரல் மட்டும் குறைவில்லை.

ஆக, ரம்யா, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் போட்ட ஊசிகள் பலித்தனவா? டாக்டர் இருந்தால் என்ன சொல்வாரோ அதையே சொல்கிறேன்: தெரியலை. செல்வராணிக்கு அந்த ஊசி ஏதாவது செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். தகரம் தட்டுகிற சத்தத்தில் அது காதில் விழவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடு, எனக்கு வருத்தமில்லை. ஆனால் எண்ணெய் இளகுகிற நேரம் என்று ஒன்று இருந்தது, அந்தப் பெண்கள் எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு. அதற்கு வேறு ஏதாவது சாக்கு கண்டுபிடித்துக்கொள். வருகிறவளிடம் தண்ணீர் குடித்தாயா, எங்கே போனாய் என்று கேள். முதலில் சிரிப்பார்கள். விடாதே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையோடு செல்வராணி லயத்துக்குத் திரும்பியபின், பார்த்துவிட்டு வரலாம் என்று டாக்டரும் நானும் ஆஸ்பத்திரி ஜீப்பில் போனோம். பாதி வழியில் மேலே மலையிலிருந்து ஒரு குரல்.

“ஐயா சூப்பரைசர்! அந்தப் பக்கம் திரும்புங்க! எல்லா ஆம்பளையும் திரும்புங்க!”

பாக்கியம். கொழுந்து எடுக்கிறவர்கள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற கனத்த பிளாஸ்டிக்குக்குப் படங்கு என்று பெயர். அதில் இரண்டைச் சேர்த்துத் தைத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாள். அதற்குப் பின்னால் யாரோ ஒரு பெண். சூப்பரைசரும் மருந்தடிக்கிற ஆட்களும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். எங்கள் ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு அவரும் திரும்பிக்கொண்டார். டாக்டர் ராஜலட்சுமி வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பாக்கியம் காலிக் கேனோடு இறங்கி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து சமைப்பதும் துவைப்பதும் அவள்தானாம், ஆனால் தொடவில்லையாம். செல்வராணி குழந்தையைத் துணியோடு தூக்கிக் கொண்டுபோய் நீட்டினாள்.

“அண்ணி, புடிங்க.”

பாக்கியம் டாக்டரைப் பார்த்தாள். அவள் உள்ளே வந்து, குழந்தையை வாங்காமல், நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். பின்வாசல் வழியாகப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தணலுக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தாள். திருப்பித் திருப்பிக் காட்டினாள். சூடு போதுமா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து கைகளை நீட்டினாள்.